முதல் சுற்றுப் பருப்பு

எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க ஜான்கி கையை நீட்டினாள். விரல் படுவதற்குள் இந்திராவதி அதை வெடுக்கென்று பிடுங்கி மேல் பலகையில் வைத்துவிட்டாள்.

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடி? நாளைக்குப் பொண்ணு உச்சியில வெக்கற எண்ண அது.”

“என் பொண்ணு உச்சிதானேக்கா.”

“அதுக்குத்தான் சொல்றேன். பெத்தவளே கெடுக்கலாமா?”

இந்திராவதி ஜான்கியின் ஓரகத்தி. ஜான்கியின் புருஷனுக்கு அண்ணனான அப்புவுக்கு வாழ்க்கைப்பட்டவள். கெட்டவள் என்று அவளைச் சொல்லிவிட முடியாது. ஜான்கி காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். அந்தக் கஞ்சியைக் கொடுக்கிற அதே சுருக்கோடு இந்தப் பேச்சையும் கொடுப்பாள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்றே அவளுக்குத் தெரியாது. அதை நினைத்தால்தான் ஜான்கிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அஞ்சு சுமங்கலிங்களும் வெச்சி முடிக்கட்டும்கா. கடைசியா ஒரே ஒரு சொட்டு. ஓரமா நின்னு வெச்சிட்டுப் போயிடறேன்.”

“சுவாவுலேருந்து சம்பந்தி வூட்டுக்காரங்க கப்பலேறி வந்து உக்காந்திருக்காங்க. உன்னை அங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? தாலி ஏறுற வரைக்கும் நீ மிஷின் கொட்டாய்ப் பின்னறையிலயே இரு. சோறு அனுப்பிடறேன்.” இந்திராவதி இங்கேயும் அங்கேயும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “காலையில யாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னால, எப்பவும் செய்யறதை மட்டும் செஞ்சி வெச்சிடு.”

எப்போதும் செய்வது என்ன என்பதை நாம்தான் சொல்லவேண்டும்.

இந்தியாவிலிருந்து கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோன தீவில், லம்பாசா டவுனுக்கு வெளியே, கரும்பு வயல்களுக்கு நடுவில் இருந்தது அந்தக் குடியிருப்பு. கரும்புக்கு ஆகாத மேட்டில் எல்லோரும் வேர்க்கடலை போடுவார்கள். மல்லாட்டை என்பார்கள், ஆர்க்காட்டிலிருந்து வந்த வாய் அல்லவா. ஓட்டோடு ஆட்டினால் ஓடே பாதி எண்ணெயைக் குடித்துவிடும். ஆகவே உடைத்துப் புடைத்துத்தான் ஆட்டக் கொண்டுபோகவேண்டும். முன்பெல்லாம் பெண்கள் உட்கார்ந்து கையால் உடைப்பார்கள். ஜான்கியின் புருஷன் டவுனில் ஒரு கொல்லுப்பட்டறையில் வேலை செய்தவன். பெண்டாட்டியின் கட்டைவிரல் புண் ஆறாமலே கிடப்பதைப் பார்த்து மனசு கேட்காமல், பழைய இரும்பைச் சேர்த்து ஒரு மிஷின் செய்தான். அரை உருளையாக ஒரு தொட்டி, அதன் அடியில் நீளநீளமாகக் கண் வைத்த தகடு, உள்ளே கடலையைத் தேய்க்கிற பல்லுக்கட்டை, வெளியே கைப்பிடி. சுற்றினால் ஓடு உடைந்து பருப்பும் சக்கையும் கண் வழியாகக் கீழே கொட்டும். பெரிய கடலை என்றால் தகட்டை இறக்கவேண்டும், சின்னது என்றால் ஏற்றவேண்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு திருகு வைத்திருந்தான்.

கொஞ்ச காலத்தில் டைபாய்டு வந்து அவன் போய்விட்டான். மிஷின் அண்ணன் அப்புவின் சொத்தாகிவிட்டது. அதைச் சுற்றுகிற வேலை மட்டும் ஜான்கிக்குப் பாத்தியதையாக வந்து சேர்ந்தது. ஊர் மூட்டை முழுக்க அவள் தோள் வலியில்தான் உடைந்தது.

இனி அந்தச் சடங்கு. இந்தியாவில் கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிகள் கூடி மஞ்சள் இடிப்பார்களாம். கிர்மிட் என்ற ஒப்பந்தக் கூலிக் காலத்தில், தோட்டத்து லைன் வீடுகளில், உரலுக்கும் மஞ்சளுக்கும் எங்கே போவது? யாரோ ஒரு பிடி மல்லாட்டை கொண்டுவந்தார்கள். அதை உடைத்து, முழுசாக விழுந்த இரண்டு பருப்பைப் பெண்ணின் முந்தானையில் முடிந்து கல்யாணத்தை ஒப்பேற்றினார்கள். அந்த லைனில் அந்த முதல் கடலையை உடைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஜான்கியின் அம்மா. மெட்ராஸில் கப்பல் ஏறும்போதே புருஷனைப் பறிகொடுத்திருந்தவள். ஜான்கியின் அப்பாவைக் கட்டிக்கொண்டது அதற்கெல்லாம் பிறகு. லைனில் பெண்கள் என்று இருந்ததே கொஞ்சம் பேர். அன்றைக்கு எவனும் அவள் கழுத்தைப் பார்க்கவில்லை.

கிர்மிட் ஒழிந்தது. ஆளுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு தகர வீடு, ஊருக்கு ஒரு கோவில், கோவிலுக்கு ஒரு கமிட்டி என்று வந்தது. வயிறு கொஞ்சம் நிறைந்ததும் சாஸ்திரம் ஞாபகம் வந்துவிட்டது. இந்தக் குடியிருப்பில் மட்டும் உண்டான, ஜான்கியின் அம்மா தொடங்கிவைத்த ஒரு பழக்கத்தை ஆதிகாலத்து முறை என்றார்கள். ஐந்து சுமங்கலிகள்தான் உடைக்கவேண்டும் என்றார்கள். மிஷின் வந்த பிறகு, அதன் கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டி ஆளுக்கொரு சுற்றுச் சுற்றவேண்டும் என்றார்கள். முதல் சுற்றில் விழும் பருப்பு செந்தோல் கிழியாமல் முழுசாக இருந்தால் ஜோடி நிலைக்கும். நொறுங்கி விழுந்தால் அபசகுனம்.

இரும்புக்குச் சகுனம் தெரியுமா? திருகு சரியில்லை என்றால் அது நொறுக்கத்தான் நொறுக்கும். ஒரு கல்யாணத்தில் அப்படி நொறுங்கிக் கொட்டி, பெண் வீட்டார் முகம் செத்துப்போனது. அதற்கு அடுத்த கல்யாணத்துக்கு இந்திராவதி ஜான்கியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து கல்யாண வீட்டு விடியலில் ஜான்கி யாரும் பார்க்காமல் கொட்டகைக்குப் போவாள். கடலைக்குத் தக்கபடி திருகை வைப்பாள். முழுப் பருப்பாகப் பொறுக்கி ஒரு பிடியைத் தகட்டின் ஓரத்தில் பரப்பி மூடிவைப்பாள். அப்புறம் சுமங்கலிகள் வந்து மேலே கடலையைக் கொட்டிச் சிரிக்கச் சிரிக்கச் சுற்றுவார்கள். முதல் சுற்றில் செக்கச்செவேலென்று முழுப் பருப்பு கொட்டும். குலவை போடுவார்கள். அந்த நேரத்தில் ஜான்கி பின்னறையில் இருப்பாள். கதவை வெளியிலிருந்து சாத்தியிருப்பார்கள்.

இப்போது தன் மகள் சரளாவின் கல்யாணத்துக்கும் அதையே செய்துவிட்டுப் பின்னறைக்குப் போ என்கிறாள் இந்திராவதி.

ஜான்கி அப்புவிடமே போய்க் கேட்டுப் பார்த்தாள். அப்பு கோவில் கமிட்டித் தலைவர். தமிழ்ச் சங்கத்துக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன் வரிசையில் உட்காருவார். பேசச் சொன்னால் தமிழர் பண்பாட்டில் பெண்ணுக்கு இருக்கும் உயர்ந்த இடத்தைப் பற்றிப் பேசிக் கைத்தட்டல் வாங்குவார். அவர் பந்தலில் சம்பந்தி வீட்டு ஆண்களோடு உட்கார்ந்து யங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். ஜான்கி தயங்கி நிற்பதைப் பார்த்து எழுந்து வந்தார்.

“மாமா, நீங்க ஒரு வார்த்த சொன்னா அக்கா கேப்பாங்க. ஒரு சொட்டு எண்ண வெக்கணும், அவ்ளோதான்.”

“நான் என்ன வாணாம்னா சொல்றேன்? முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல ஜான்கி. அதை வுட்டுட்டா அப்புறம் நம்ம கிட்ட என்னா மிஞ்சும்?” அவர் தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “அது கெடக்கட்டும். கடலை உருண்டைக்கு மூட்டை உடைச்சிட்டியா?”

“உடைச்சிட்டேன்.”

“புடைச்சிட்டியா?”

“புடைச்சிட்டேன்.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு அவர் பந்தலுக்குத் திரும்பிவிட்டார்.

ஊரே உட்கார்ந்து தின்னப்போகிற உருண்டைக்கு அவள் கை ஆகும். ஆட்டிய எண்ணெய்க்கு அவள் உடைத்த பருப்பு ஆகும். எண்ணெயாகிக் கிண்ணத்தில் ஊற்றியதும் அவள் விரல் ஆகாது. இதைக் கேட்டுவிட்டு அந்த மனிதரால் எப்படி நிம்மதியாகக் குடிக்கமுடிகிறது என்று ஜான்கிக்கு விளங்கவே இல்லை.

சாயங்காலம் ஆமினா ஒரு மூட்டையோடு வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் வீட்டுக்காரி. ஜான்கியைவிடக் கொஞ்சம் இளையவள். அவள் கொண்டுவந்தது சின்ன ரகக் கடலை. ஜான்கி திருகை இறுக்கித் தகட்டை மேலே ஏற்றினாள். ஒருத்தி கொட்ட ஒருத்தி சுற்றினாள்.

“கண்ணு ஏன்க்கா இப்படிச் செவந்திருக்குது? கல்யாண வூட்ல அழுவாங்களா?”

ஜான்கி சொன்னாள். ஆமினா முறத்தைத் தட்டென்று கீழே வைத்தாள்.

“எங்க மாமியா ரெண்டாவது நிக்காஹ் பண்ணிக்கிட்டவங்க. அவங்கதான் எங்க வூட்ல எல்லாப் பொண்ணுக்கும் மொதல்ல மருதாணி வெப்பாங்க. யாரும் செத்துப்போயிடல. நீ பத்து மாசம் சொமந்து பெத்த பொண்ணு தலையில எண்ண வெக்க யார்ட்ட போயி பிச்ச கேக்கற?”

“நீ சொல்லுவ. எனக்கு இருக்க வூடு இது ஒண்ணுதானே.”

ஆமினா தன் பருப்பை அள்ளிக்கொண்டு போனாள்.

விடியும்போது ஜான்கி கொட்டகைக்குள் நுழைந்தாள். வலது கையில் ஒரு பிடி பருப்பு. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். ஊரான் பெண்களுக்கெல்லாம் பொறுக்கியவள் சரளாவுக்குக் குறை வைப்பாளா? தகடு ஆமினாவின் சின்னக் கடலைக்கு ஏற்றிவைத்தபடியே இருந்தது. சடங்குக்கு வைத்திருந்ததோ பெரிய ரகம். தகட்டை இறக்கத் திருகில் கை வைத்தாள்.

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. அங்கே பேச்சுக் குரல் கேட்டது. மாப்பிள்ளை ராமச்சந்திரனின் அம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இந்திராவதி சொம்போடு நின்றாள்.

“நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பொண்ணோட அம்மா தாலியில்லாதவங்க. சடங்குச் சாமானையெல்லாம் அவங்க தொடமாட்டாங்களே?”

“ஐயோ, வுடுவமா சம்பந்தியம்மா? புருஷன் போனதுலேருந்து இந்த மிஷின் பக்கமே அவளை வுடறதில்ல. அவ நெழல்கூட இதும்மேல வுழாது.”

ஜான்கி தன் கையைப் பார்த்தாள். கைப்பிடி சுற்றிச் சுற்றி உள்ளங்கை காய்த்துக் கறுத்திருந்தது. புருஷன் செய்த மிஷின். நேற்று சாயங்காலம் வரை தோள் கழலச் சுற்றிய மிஷின். நிழல்கூட விழாதாம்! இத்தனை வருஷ உழைப்பை ஒரு சொம்புத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றிக் கழுவிவிட்டாள் பாவி.

நொறுங்கி விழுந்தால் பழி சரளாவின் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் திருகிலிருந்து கையை எடுத்தாள். தொடவே இல்லை என்று சொன்னார்கள் அல்லவா, இன்றைக்கு ஒரு நாளாவது அது உண்மையாக இருக்கட்டும். பருப்பைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

நல்ல நேரம் வந்தது. சரளாவை மணையில் உட்கார வைத்தார்கள். கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். இந்திராவதி தட்டிலிருந்த கடலையைத் தொட்டியில் கொட்டினாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஜான்கியின்மேல் அவ்வளவு நம்பிக்கை. போன வருஷம் கல்யாணமான ஜிதேந்திராவின் பெண்டாட்டி முதல் ஆளாகக் கைப்பிடியைப் பிடித்தாள். அது இறுகிக்கொண்டு வரவில்லை. இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். கரகரவென்று அரைபட்டு, விரித்திருந்த வேட்டியில் தவிடும் நொய்யுமாகக் கொட்டியது. முழுப் பருப்பு என்று ஒன்றுகூட இல்லை.

குலவை போட வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

“என்னாம்மா இது?” என்றாள் சம்பந்தியம்மா. முகம் வெளுத்துவிட்டது.

“அந்தத் தாலியறுத்தவ கண்ணு பட்டிருக்கும்,” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி தலையாட்டினாள். இந்திராவதிக்கு என்ன நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் அதை வாய்விட்டு எப்படிச் சொல்வது?

“சாயங்காலம் சுவாவுக்குக் கப்பல் இருக்குதா?” என்று சம்பந்தியம்மா யாரையோ பார்த்துக் கேட்டாள். சரளா மணையில் தலையைக் குனிந்துகொண்டு விசும்ப ஆரம்பித்தாள்.

சரளாவின் விசும்பல் எட்டியதும், வெறுமனே சாத்தியிருந்த பின்னறைக் கதவு படாரென்று திறந்தது. ஜான்கி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக மிஷினிடம் வந்தாள்.

“ஜான்கி! உள்ள போ!” என்று அப்பு அதட்டினார்.

“போறேன் மாமா. இதைச் செஞ்சிட்டுப் போறேன்.”

திருகைத் தளர்த்தித் தகட்டை இறக்கினாள். தொட்டியில் இருந்த நொய்யை வழித்துக் கீழே தள்ளினாள். தட்டில் மீந்திருந்த கடலையைக் கொட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். அத்தனை பேர் கண்ணெதிரே செந்தோல் கிழியாத பருப்பு பொலபொலவென்று விழுந்தது. அப்புறம் மூடியிருந்த கையைத் திறந்து காட்டினாள்.

“இது என்னான்னு தெரியுதா சம்பந்தியம்மா? விடியக்காலம் இதுக்குள்ள வெக்கச் சொன்ன பருப்பு. இந்த ஊர்ல எந்தப் பொண்ணுக்கு மொத சுத்துல முழுசா வுழுந்தாலும் அது நான் வெச்சது. இதைச் செஞ்சது என் வூட்டுக்காரரு. சுத்தறது நான். எங்க அக்கா உங்க கிட்ட சொன்னது பொய்யி.”

அவள் ஜிதேந்திராவின் பெண்டாட்டியிடம் திரும்பினாள்.

“உன் கல்யாணத்துல வுழுந்த பருப்பை மஞ்சத் துணியில முடிஞ்சி பொட்டியில வெச்சிருக்கியேடி, அதுவும் என் கை பொறுக்கினதுதான். உன் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறாரு. புள்ளையும் பெத்துட்ட. என் கை ஆவாதுன்னா இப்பவே ஓடிப்போயி அதை எடுத்து வீசு. வீசுவியா?”

அந்தப் பெண் மிஷினை விட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள். மற்ற நாலு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

சம்பந்தியம்மாதான் முதலில் பேசினாள். “பருப்பு முழுசாத்தானே வுழுந்திருக்குது. நேரம் போவுது, எடுத்து முடிங்க. யாரு சுத்தினாங்கன்னு நான் பாக்கல.” சொல்லிவிட்டு நிஜமாகவே முகத்தைக் கரும்பு வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சகுனம் கிடைத்துவிட்டது, கப்பல் செலவும் வீணாகவில்லை. அவளுக்கு அது போதும்.

இந்திராவதி பருப்பை எடுக்கக் குனிந்தாள். சரளா மணையை விட்டு எழுந்து அம்மாவின் முன்னால் வந்து நின்று முந்தானையை விரித்தாள். அழுகை வந்தால் அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வராது, பள்ளிக்கூடத்து இந்திதான் வரும்.

“மா, தும் டாலோ,” என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “நீயே போடு. எண்ணையும் நீயே வையி. இல்லன்னா எனக்கு யாரும் வெக்க வாணாம்,” என்றாள்.

ஜான்கி தன் கையிலிருந்த பருப்பில் இரண்டை எடுத்து மகளின் முந்தானையில் முடிந்தாள். மணைக்குப் பக்கத்தில் வைத்திருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். அப்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று ஒரு சொட்டுக்குக் கெஞ்சியவள் இன்று உள்ளங்கை நிறைய ஊற்றி, சரளாவின் உச்சியில் வைத்து, காது மடல் வரை வழிய வழியத் தேய்த்தாள்.

கல்யாணம் நடந்தது. சரளா புருஷனோடு சுவாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? மிஷினுக்குத் தீட்டு என்றார்கள். கமிட்டிக்கு வேறு மிஷின் வாங்கவேண்டும் என்று அப்பு பேசினார். பேச்சு ஒரு பக்கம் நடக்க, மூட்டைகள் மட்டும் முன்போலவே ஜான்கியின் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தன. அப்பு அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் உடைத்த கடலையின் எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

அடுத்த அறுவடை முடிந்ததும் அப்புவின் சொந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சடங்குக்கு முதல் நாள் மத்தியானம், வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்த சமயம் பார்த்து, இந்திராவதி கொட்டகையின் பின்பக்கமாக வந்து நின்றாள்.

“ஜான்கி,” என்றாள் மெதுவாக. “நடந்ததை மனசுல வெச்சிக்காதடி. உன் கையிலதான் இருக்குது. நாளைக்கு விடியக்காலம் யாருக்கும் தெரியாம வந்து, அந்தத் திருகை மட்டும்...”

ஜான்கி அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இருந்தது, மகள்மேல் பாசம் இருந்தது. வெட்கம் மட்டும் இல்லை.

“நானும் அவளைத் தூக்கி வளத்தவதான்கா. நல்லா இருக்கட்டும். பொழுது விடிஞ்சப்புறம் தட்டுல வெத்தலை பாக்கு வெச்சி, முன்வாசப் பக்கமா வந்து, எல்லாரும் பாக்கக் கூப்புடுங்க. வந்து அஞ்சு பேரோட நின்னு சுத்தறேன்.”

“ஊரு ஒத்துக்குமாடி?”

“ஒத்துக்கலன்னா ஊரே கையால உடைச்சிக்கட்டும்.”

கைப்பிடியைத் திருகிக் கழற்றி எடுத்துக்கொண்டு அவள் பின்னறைக்குள் போனாள். இந்தத் தடவை கதவை உள்ளேயிருந்து அவளே சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.